ஒரே அமெரிக்கா, ஜப்பானில் ஏன் ஜெயித்தது, ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் ஏன் தோற்றது?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடை முடித்து உட்கார்ந்திருந்தபோது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டார்: "சார், அமெரிக்கா எத்தனையோ நாட்டுக்குள்ள போயிருக்கு. ஜப்பான், ஜெர்மனி எல்லாம் எந்திச்சு நின்னுட்டு. வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் இப்படி ஆயிட்டு. அதே ராணுவம், அதே பணம்தானே, பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? குவைத்தை எந்தக் கணக்குல சேர்க்க?"

அங்கேயே பாதி சொன்னேன். போதாது என்று தோன்றியதால் மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். முப்பது வருஷம் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், அதற்கு முன்னால் தாமிரபரணிக் கரையில் ஒரு குத்தகை விவசாயியின் மகன். இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

சண்டையில் அமெரிக்கா தோற்றது குறைவு. 2003இல் பாக்தாத் மூன்று வாரத்தில் விழுந்தது. 2001இல் காபூல் விழ ஐந்து வாரம் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில்தான் எல்லாம் கை நழுவிப் போனது. ஜெயித்த பிறகு அந்த ஊரில் நிலம் யார் கையில் இருந்தது, ஊர்க் கணக்கு எழுதியவர் யார், வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்குப் போனது என்று பார்த்தால், தம்பி கேட்ட வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஜனநாயகம், சுதந்திரம் என்று மேலே பேசிய பேச்சைவிட இது முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

முதலில் ஜப்பான். 1945இல் சரணடைந்தபோது அந்த நாட்டு விவசாய நிலத்தில் ஏறக்குறைய 46 சதவீதம் குத்தகையில் இருந்தது. விளைந்த நெல்லில் பாதி நிலக்காரர் வீட்டுக்குப் போகும். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ஆள் அனுப்பி அளந்து வாங்குகிற நிலக்காரர்களும் உண்டு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் தலைமையில் வந்த நிர்வாகம் இந்த இடத்தில் கை வைத்தது. ஜப்பான் அரசு முதலில் கொண்டுவந்த சட்டம் பலவீனமாக இருந்ததால், 1946 அக்டோபரில் கடுமையான சட்டம் வந்தது. வெளியூர் நிலக்காரர் குத்தகைக்கு விட்ட நிலம் முழுவதையும் அரசுக்கு விற்றுவிட வேண்டும். உள்ளூர் நிலக்காரர் குத்தகைக்கு விடக்கூடியது பெரும்பாலான பகுதிகளில் ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். அதற்கு மேல் இருந்தால் உழுகிறவனுக்கு. சில வருஷத்தில் குத்தகை நிலம் 10 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது.

இதை நடத்திக் காட்டியது யார்? அமெரிக்கச் சிப்பாய் யாரும் வயலில் இறங்கி அளக்கவில்லை. கிராமத்துக்குக் கிராமம் நிலக் குழு தேர்ந்தெடுத்தார்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் குத்தகைக்காரர்கள், மூன்று பேர் நிலக்காரர்கள், இரண்டு பேர் சொந்தமாக உழுகிறவர்கள். எந்த வயல் யாருடையது என்று அந்த ஊர்க்காரர்களே உட்கார்ந்து தீர்மானித்தார்கள். ஜப்பான் விவசாயத் துறை அதிகாரிகளில் சிலர் போருக்கு முன்பிருந்தே இப்படி ஒரு சட்டத்துக்காகப் போராடித் தோற்றவர்கள். அவர்களுக்கு இப்போது வழி திறந்தது. ஆக, அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த ஆசைக்கு வெளியாள் துணை நின்றான். அது ஒட்டிக்கொண்டது.

இந்த வேலையில் முக்கியமான ஒரு அமெரிக்க நிபுணர் இருந்தார். உல்ஃப் லடெஜின்ஸ்கி என்று பெயர், உக்ரைனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். விவசாயிக்கு நிலம் கொடுத்தால் கம்யூனிஸ்டுக்கு அங்கே வேலை இருக்காது என்பது அவர் வாதம். தைவான் நிலச் சீர்திருத்தத்துக்கும் யோசனை சொன்னார். 1952இல் நம் சென்னை மாகாணத்துக்கு வந்து குத்தகை நிலவரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரை 1954இல் அமெரிக்க விவசாயத் துறையே 'பாதுகாப்புக்கு ஆபத்தானவர்' என்று வேலையிலிருந்து நீக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் வேறொரு துறை அவரை எடுத்துக்கொண்டது. அனுப்பிய இடம் தெற்கு வியட்நாம்.

ஆள் அதே ஆள். ஆனால் அங்கே என்ன ஆனது? மெக்காங் ஆற்றுப் படுகையில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்திலேயே, கம்யூனிஸ்டுகள் நிலக்காரர்களை விரட்டிவிட்டு வயல்களை உழுகிறவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். 1956இல் அமெரிக்க ஆதரவோடு இருந்த தியெம் அரசு கொண்டுவந்த சட்டப்படி ஒரு நிலக்காரர் 100 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் 1, வியட்நாமில் 100. நமக்கு 1961இல் வந்த உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதிலேயே பினாமிப் பெயரில் எவ்வளவு ஒளிந்தது என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். 100 ஹெக்டேர் என்றால் சுமார் 250 ஏக்கர். ஓடிப்போன நிலக்காரர்கள் அரசுப் படையின் துணையோடு திரும்பி வந்து விளைச்சலில் பங்கு கேட்டார்கள். தன் கைக்கு வந்த வயலை அரசாங்கமே பறித்துக் கொடுப்பதைப் பார்த்த விவசாயி யார் பக்கம் போவான்?

1970இல் உழுபவனுக்கே நிலம் என்று அங்கேயும் ஒரு நல்ல சட்டம் வந்தது. காலம் கடந்துவிட்டது. அதற்குள் அமெரிக்கப் படை 5 லட்சத்தைத் தாண்டிப்போய் இறங்கவும் தொடங்கிவிட்டது. 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள், வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். 1975 ஏப்ரல் 30இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது. 1956இலேயே அந்தப் படுகையில் ஜப்பான் மாதிரி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வடக்கிலிருந்து வந்த படை வந்துதான் இருக்கும். ஆனால் ஊருக்குள்ளிருந்து அதற்குச் சோறு போட்டு வழி காட்டியவர்கள் அத்தனை பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

சரி, அடுத்து கணக்குப்பிள்ளை விஷயம். ஜப்பானில் சக்கரவர்த்தியை இருக்க விட்டார்கள், அரசு அலுவலகங்களை அப்படியே வைத்து அவற்றின் வழியாக ஆண்டார்கள். போருக்குக் காரணமானவர்கள் என்று சுமார் 2 லட்சம் பேரைப் பதவியிலிருந்து நீக்கினாலும், அவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தையும் அரசியலையும் சேர்ந்தவர்கள். ரேஷன் கொடுக்கிறவர், ரயில் ஓட்டுகிறவர், பதிவேடு எழுதுகிறவர் அதே நாற்காலியில் இருந்தார்கள். 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் என்ற கிராம அதிகாரி பதவிகளை ஒழித்தார்கள். பரம்பரைப் பதவி போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் புதிதாக வந்தவர்களுக்கு அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேடு புரிபடவே எங்கள் ஊரில் நாளாயிற்று. அமைதியான காலத்தில், நம் அரசே செய்த மாற்றத்துக்கே இந்தப் பாடு.

ஈராக்கில் 2003 மே மாதம் அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமர் ஒரே வாரத்துக்குள் இரண்டு உத்தரவு போட்டார். 16ஆம் தேதி, சதாமின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்கு இனி அரசு வேலை இல்லை என்று முதல் உத்தரவு. கட்சி அட்டை இருந்தால்தான் வேலையில் உயர முடியும் என்ற நாட்டில், இதில் பள்ளி ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட ஆயிரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். 23ஆம் தேதி ராணுவத்தையே கலைத்தார். சுமார் 4 லட்சம் பேர். துப்பாக்கி பிடிக்கத் தெரியும், ஆயுதக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று தெரியும், சம்பளம் கிடையாது, மரியாதையும் போயிற்று. அவர்கள் எங்கே போவார்கள்? பதினோரு வருஷம் கழித்து மொசூல் நகரைப் பிடித்த ஐ.எஸ். பயங்கரவாதக் கூட்டத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்களில் சதாமின் பழைய ராணுவ அதிகாரிகள் பலர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாஞ்சாலங்குறிச்சிதான் நினைவுக்கு வரும். ஆர்க்காட்டு நவாபின் கடனுக்கு ஈடாகப் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை 1792 ஒப்பந்தத்தில் கம்பெனி வாங்கிக்கொண்டது. நம் சீமைக்குள் அது வேரூன்றியது அந்தக் கணக்கின் வழியாகத்தான். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கையோடு, மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார். பாளையக்காரரை நம்பி, ஊர்க்காவலை நம்பி வாழ்ந்த வீரர்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு இல்லை. 1801 பிப்ரவரியில் இதே பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். வழியெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இடித்துப் போட்ட கோட்டை சில நாட்களில் மண்ணால் எழுந்து நின்றது. அதைப் பிடிக்க மே மாதம் வரை கம்பெனிப் படை படாத பாடு பட்டது. கம்பெனி செய்தது ஆக்கிரமிப்பு, ஊமைத்துரை செய்தது விடுதலைப் போர். அவரை ஐ.எஸ். கூட்டத்தோடு ஒப்பிட என் மனம் இடம் கொடாது. நான் சொல்வது ஒன்றுதான். ஒரு நாட்டு வீரர்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது.

ஆப்கானிஸ்தானைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் 2001இல் ஆரம்பிக்கிறார்கள். நான் 1946இல் ஆரம்பிப்பேன். ஏனென்றால் இது தண்ணீர்க் கதை, நமக்கு நன்றாகப் புரிகிற கதை. அந்த வருஷம் அரசர் ஜாஹிர் ஷாவின் அரசு, மோரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கட்டுமான நிறுவனத்தை அழைத்து ஹெல்மண்ட் பள்ளத்தாக்கில் அணையும் வாய்க்காலும் கட்டச் சொன்னது. கஜகி அணை 1953இல் முடிந்தது. அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கில் செய்தது போலவே இங்கேயும் பாலைவனத்தைப் பச்சையாக்கலாம் என்பது கனவு. நாடோடி மக்களைக் கொண்டுவந்து நாத்-இ-அலி, மார்ஜா என்ற இடங்களில் குடியேற்றினார்கள்.

தண்ணீர் வந்தது, போகத்தான் வழி இல்லை. அந்த மண்ணுக்கு அடியில் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் இறங்காத கெட்டிப் படிவம். பாய்ந்த தண்ணீர் அங்கே தேங்கி மேலே ஏறியது. ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. வயல் உவர் பூத்தது. மண் ஆய்வை முழுதாகச் செய்யாமலே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ பாசனம் பார்க்கிற ஒரு நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டிருந்தால், மடை திறப்பதற்கு முன்னால் வடிகால் எங்கே என்றுதான் முதலில் கேட்டிருப்பார். வடிகால் சரியில்லாத வயலில் இரண்டு போகம் தாண்டாது, களராகிவிடும்.

அப்புறம் 2001 வந்தது. அதே ஹெல்மண்ட். அமெரிக்கர்கள் வெட்டிய வாய்க்காலில் இப்போது அபினிச் செடிக்குத் தண்ணீர் பாய்ந்தது. 2010 பிப்ரவரியில் அமெரிக்க மரைன் படை மார்ஜாவைப் பிடிக்கப் போனபோது, அவர்களைத் தடுத்தது அவர்கள் நாட்டுக்காரர்களே வெட்டிய வாய்க்கால்களும் கரைகளும்தான். 2008இல் பிரிட்டிஷ் படையினர் ஆயிரக்கணக்கில் பாதுகாப்புக்கு நின்று, கஜகி அணைக்கு ஒரு மின்சார டர்பைனைக் கொண்டு சேர்த்தார்கள். அதைப் பொருத்தச் சிமெண்ட் வேண்டும். சிமெண்ட் வரச் சாலை பாதுகாப்பாக இல்லை. எத்தனையோ வருஷம் அது பிரிக்காமலேயே கிடந்தது.

பணம் குறைவா என்றால் இல்லை. மார்ஷல் திட்டத்தில் 1948 முதல் ஐரோப்பாவுக்குக் கொடுத்தது சுமார் 1,300 கோடி டாலர். இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கணக்குப் போட்டாலும், ஆப்கானிஸ்தான் சீரமைப்புக்குக் கொடுத்தது அதைத் தாண்டிவிட்டது என்று அமெரிக்காவின் சொந்தத் தணிக்கை அமைப்பே 2014இல் சொன்னது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ஷல் திட்டத்தில் அதிகம் வாங்கியது பிரிட்டன். மேற்கு ஜெர்மனிக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை, ஆனாலும் வேகமாக எழுந்தது. தொழிலாளி, என்ஜினியர், நகராட்சி எழுத்தர் எல்லோரும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். ஆலையும் பாலமும்தான் இடிந்திருந்தன.

படையோடு போகாமல், மறைவிலிருந்து அரசைக் கவிழ்த்த கதைகள் தனி. இவற்றில்தான் எனக்குக் கோபம் அதிகம். மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவின் ஜனாதிபதி ஹகோபோ அர்பென்ஸ் தேர்தலில் ஜெயித்து வந்தவர். 1952இல் அவர் கொண்டுவந்த சட்டம், பெரிய பண்ணைகளில் சும்மா கிடக்கிற நிலத்தை மட்டும் எடுத்து, நஷ்டஈடு கொடுத்து, விவசாயிகளுக்குத் தருவது. நஷ்டஈட்டுக்கு அளவு என்ன? வரி கட்டுவதற்காக நிலக்காரர் தாமே எழுதிக் கொடுத்த மதிப்பு. யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி வரியை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தது. பத்திரச் செலவு குறையட்டும் என்று வழிகாட்டி மதிப்புக்கு எழுதிவிட்டு, அரசு சாலைக்கு எடுக்கும்போது சந்தை விலை கேட்கிற மாதிரி. அரசு சுமார் 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர் கொடுக்கிறேன் என்றது. கம்பெனிக்காக அமெரிக்க அரசு கேட்டது சுமார் 1 கோடியே 58 லட்சம். 1954இல் சி.ஐ.ஏ. ஆள் திரட்டி அர்பென்ஸைக் கவிழ்த்தது. பிறகு 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர், சுமார் 2 லட்சம் பேர் செத்தோ காணாமலோ போனார்கள். பெரும்பாலோர் மாயா பழங்குடி மக்கள். ஜப்பானில் தாங்களே ஊக்கிச் செய்ததைவிட மிதமான ஒரு நிலச் சட்டம் அது. அதே காரியத்தை இங்கே கம்யூனிசம் என்றார்கள். 1999இல் கிளிண்டன் அங்கே போய், அந்தப் படைகளுக்கு ஆதரவு கொடுத்தது தவறு என்று சொன்னார்.

ஈரானும் அதே வகை. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக்கை 1953 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்து, மன்னர் ஷாவின் கையை ஓங்க வைத்தன. மறு வருஷம் எண்ணெயில் 40 சதவீதப் பங்கு அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் போனது. 1978 வரை யாரைக் கேட்டாலும் இது பெரிய வெற்றி என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1979இல் ஷா ஓடினார். டெஹ்ரான் தூதரகத்தில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணையாக இருந்தார்கள். அன்று தொடங்கிய பகை இன்னும் தீரவில்லை.

இதற்கு நேர் எதிர் தென் கொரியா. 1953இல் போர் நின்றபோதோ, 1961இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதோ ஒருவர் கணக்குப் பார்த்திருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார். 1980இல் குவாங்ஜூவில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றபோது அமெரிக்கா தடுக்கவில்லை. 1987இல் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கித்தான் நேரடித் தேர்தலை வாங்கினார்கள். வடக்கிலிருந்து வந்த படையைத் தடுத்தது அமெரிக்கத் தலையீட்டின் பலன்தான், அதை மறுக்க மாட்டேன். ஜனநாயகம் கொரிய மக்கள் ரத்தம் கொடுத்து வாங்கியது. அங்கேயும் போருக்கு முன்பும் பின்புமாக நிலம் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதவியும் ஒருவகைத் தலையீடுதான். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது மதியம் பால்பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள், அமெரிக்காவிலிருந்து வந்தது. பசியாறியிருக்கிறேன், அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. அதே காலத்தில், 1965-66 பஞ்சத்தில், ஜனாதிபதி ஜான்சன் இந்தியாவுக்கான கோதுமையை மாதக் கணக்கில் மட்டும் பிடித்துப் பிடித்து அனுப்பினார். விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம், வியட்நாம் விஷயத்தில் நாம் பேசியது இன்னொரு காரணம். அந்த அவமானமும் நம்மைச் சொந்தமாக விளைவிக்கத் துரத்தியது.

அமெரிக்காவை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1987இல் நாமும் இலங்கைக்குப் படை அனுப்பினோம். தமிழர்களைக் காக்கப் போன படை தமிழர்களோடே சண்டை போட்டது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்தார்கள், அங்கே பொதுமக்களும் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர் திரும்பினார். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் வந்த, மாகாணங்களுக்கு அதிகாரம் தருகிற 13ஆம் திருத்தம் இலங்கைச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது, ஆனால் நிலமும் போலீசும் மாகாணத்தின் கைக்குப் போகவில்லை. கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிற குடும்பங்களைப் போய்ப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை என்று தெரியும்.

கடைசியாக, தம்பி குவைத் பற்றியும் கேட்டிருந்தார். 1991இல் அமெரிக்கா தலைமையில் போன படை, ஈராக் ராணுவத்தை வெளியேற்றுவது என்ற ஒரே வேலையை வைத்துக்கொண்டது. முடித்தது, பாக்தாத் வரை போகவில்லை. குவைத்தைப் பொறுத்தவரை அது வெற்றி. ஆனால் சதாமை எதிர்த்து எழுங்கள் என்று ஈராக் மக்களிடம் சொல்லிவிட்டு, தெற்கில் ஷியாக்களும் வடக்கில் குர்துகளும் எழுந்தபோது கை கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்த வடு 2003க்கும் கூடவே வந்தது.

எங்களுக்குப் பழக்கமான மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் அப்போது குவைத்தில் தையல் வேலை பார்த்தார். 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே வந்ததும், சேர்த்த பணத்தை விட்டுவிட்டுப் பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து அம்மான் என்று அலைந்து, அரசு அனுப்பிய விமானத்தில் பம்பாய் வந்து, ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை மட்டும் இருந்தது. போர் முடிந்து ஒன்றரை வருஷம் கழித்துப் பழைய முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது, கடையைத் திறந்துவிட்டேன், வா என்று. போனார். இருபது வருஷம் இருந்து திரும்பினார். இப்போது அவர் மகன் அங்கே இருக்கிறார்.